குன்றின் மேல் குவிந்த மண்

மண்ணால் கட்டிய வீடு இடிந்து விழுந்தால், அந்த மண்ணை அள்ளி அப்புறப்படுத்தும் சிரமத்தைக் குடியானவன் மேற்கொள்வதில்லை. இடிந்ததை மிதித்துச் சமன்செய்து, அதன்மேலேயே புதிய தரையை மெழுகி, அடுத்த வீட்டை எழுப்பிக்கொள்கிறான். அவன் மகனும் பேரனும் அவ்வாறே செய்ய, பல தலைமுறைகள் ஒரே இடத்தில் வாழ்ந்த ஊரின் தரை, யாரும் உத்தேசியாமலே, காலந்தோறும் உயர்ந்துகொண்டு போகிறது. உடைந்த பானையும், தின்று எறிந்த எலும்பும், அடுப்புச் சாம்பலும், நூல் அறுந்து சிதறிய மணியும் அந்தந்தக் காலத்துத் தரையோடு புதைந்து, கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது என்ற எளிய கிரமத்தில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. எழுத்தறியாத ஒரு சமூகத்துக்கு இந்த மண்தான் ஏடு. ஆயினும் ஓலைச்சுவடியைப்போல இதை இரண்டாம் முறை புரட்டிப் பார்க்க இயலாது. ஒவ்வோர் அடுக்கையும் படித்துக்கொண்டே அழித்துத்தான் அடுத்த அடுக்குக்கு இறங்க வேண்டும். ஆதலால் முதலில் படிப்பவன் பிழையாகப் படித்தால் அந்தப் பிழைக்குப் பரிகாரம் இல்லை. இதற்கு ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஒரு குன்றைவிடத் தக்க திருஷ்டாந்தம் காண்பது அரிது.

இன்று ஜிம்பாப்வே என்று வழங்கும் தேசத்தில், மஸ்விங்கோ என்னும் நகரத்துக்குத் தென்கிழக்கே 17, 18 மைல் தொலைவில், பெரும்பெரும் கருங்கற்பாறைகள் திரண்ட அந்தக் குன்று, பள்ளத்தாக்கிலிருந்து ஏறக்குறைய 260 அடி உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. பாறைக்கும் பாறைக்கும் இடைப்பட்ட வெளிகளைக் கற்சுவர்களால் அடைத்து, ஒருவர் பின் ஒருவராகவே ஏறக்கூடிய குறுகிய வழிகளை அமைத்து, உச்சியில் மேற்கேயும் கிழக்கேயும் இரு பெரிய வளாகங்களை நிர்மாணித்திருக்கிறார்கள். குன்றின் அடியில், பள்ளத்தாக்குக்கு அப்பால், 800 அடிக்கு மேற்பட்ட சுற்றளவும் சில இடங்களில் 36 அடி உயரமும் உள்ள வட்ட மதில் ஒன்று நிற்கிறது. அதனுள்ளே உள்ளீடற்ற அறையோ படிக்கட்டோ இன்றி, முழுவதும் கல்லாலேயே நிரப்பிய ஒரு கூம்புக் கோபுரம், 30 அடிக்கு மேல் உயர்ந்து, என்ன காரணத்துக்காக எழுந்தது என்று இன்றும் வருவோரைக் கேட்கவைக்கிறது. இவை இரண்டுக்கும் இடையே பள்ளத்தாக்கெங்கும் சிறு வளாகங்கள் பல சிதறிக் கிடக்கின்றன. அப்பிரதேசத்து ஷோனா மக்களின் மொழியில் கல்வீடுகள் என்று பொருள்படும் சொல்லே ஜிம்பாப்வே என்று மருவியதாகக் கூறுவர். அந்நாட்டில் இத்தகைய கல்லூர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளமையால், இதனைப் பெரிய ஜிம்பாப்வே என்று பிரித்துச் சொல்வது வழக்கமாயிற்று.

சுவர்களின் தொழில்நுட்பம் ஆச்சரியப்படத்தக்கது. ஆனால் அதில் மர்மம் ஒன்றும் இல்லை. பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் மாறிமாறி விரிந்து சுருங்கும் அப்பிரதேசத்துக் கருங்கல், வெங்காயத் தோலைப்போலத் தகடு தகடாகத் தானே உரியும் சுபாவமுடையது. தீ மூட்டிச் சுடவைத்துத் தண்ணீரை ஊற்றினால் மேலும் எளிதில் பிளவுபடும். அவ்வாறு கிடைத்த தகடுகளைக் கைக்கு அடங்கும் அளவில் உடைத்து, சுண்ணாம்போ களிமண்ணோ இடையில் இடாமல், வரிசைமேல் வரிசையாக அடுக்கியே இம்மதில்களை எழுப்பினார்கள். நேர்க்கோடும் மூலைக்கோணமும் இவற்றில் இல்லை. பாறை வளைந்த இடத்தில் சுவரும் வளைந்து செல்கிறது. மேலும், இச்சுவர்கள் எந்தக் கூரையையும் தாங்கியவை அல்ல. மக்கள் வாழ்ந்தது, சரளையும் களிமண்ணும் கலந்து குழைத்துக் கட்டி, புல்லால் வேய்ந்த வட்டமான வீடுகளில். கற்சுவர்கள் அவ்வீடுகளைச் சூழ்ந்து மறைத்து, உள்ளிருப்போரின் மதிப்பை வெளியிலிருப்போருக்கு உணர்த்தி நின்றன. மழையில் கரைந்த மண்வீடு தரையோடு தரையாகிவிட, சுற்றி நின்ற கல் மாத்திரம் எஞ்சியது. பின்னால் வந்தவர்கள் கல்லைக் கண்டு வியந்தார்கள்; வீடாக இருந்த மண்ணைக் குப்பையென்று நினைத்தார்கள். இக்குன்றின் சரித்திரத்தில் நேர்ந்த விபரீதங்கள் யாவும் இந்த ஒரு பிழையிலிருந்தே பிறந்தன.

சாந்து பூசாத கற்கோட்டை ஒன்று உள்நாட்டில் இருப்பதாகக் கிழக்குக் கடற்கரைச் சோபாலாத் துறைமுகத்தில் இருந்த போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டிலேயே கேள்விப்பட்டிருந்தனர். ஜுவாவ் டி பாரோஸ் என்ற சரித்திரக்காரர் 1552-ல் வெளியிட்ட நூலில் அதனைக் குறித்திருக்கிறார். ஆயினும் ஐரோப்பிய உலகுக்கு இவ்விடத்தை விரிவாக அறிவித்தவர், 1871-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இங்கு வந்து சேர்ந்த கார்ல் மாக் என்னும் ஜெர்மானியப் பிரயாணி. வாயிற்படியின் மேலிருந்த உத்தரத்தில் ஒரு துண்டை வெட்டியெடுத்த அவர், அதன் நிறமும் மணமும் தம் பையிலிருந்த பென்சிலின் தேவதாரு மரத்தை ஒத்திருக்கக் கண்டார். அது லெபனானிலிருந்துதான் வந்திருக்கவேண்டும். கொண்டுவந்தவர் பினீஷியராகத்தான் இருக்கவேண்டும். ஆகவே இது சாலமோன் அரசனைக் கண்டு திரும்பிய ஷேபா நாட்டு அரசி கட்டுவித்த மாளிகை என்று அநுமானத்தின்மேல் அநுமானத்தை அடுக்கி, ஒரு பென்சிலின் பலத்தில் ஒரு ராஜ்யத்தை ஸ்தாபித்துவிட்டார். அவர் வந்தபோது அக்குன்றின்மேல் கரங்கா வகுப்பைச் சேர்ந்த மக்கள் குடிசை கட்டி, பயிரிட்டு, மாடு மேய்த்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. சுவர் கட்டியவரைத் தேடி ஜெருசலேம் வரையில் சென்ற கற்பனை, எதிரே நின்ற மனிதரைக் காணவில்லை.

கற்பனை தனி மனிதரோடு நின்றிருந்தால் தீங்கு குறைவாயிருக்கும். அது ஓர் ஆட்சிக்குத் தேவைப்பட்டதே அனர்த்தத்துக்குக் காரணம். 1890-ல் ஆங்கிலேய முதலாளியான செசில் ரோட்ஸின் கம்பெனிப் படை அந்நாட்டைக் கைப்பற்றியது. வெகு காலத்துக்கு முன்பே வெளியிலிருந்து வந்த வெள்ளை நிறத்தவர் ஆண்ட பூமி இது, இப்போது வந்தவர்கள் பழைய உரிமையையே புதுப்பிக்கிறார்கள் என்று சொல்வதற்கு அந்தக் கற்சுவர்கள் வாய்ப்பாக அமைந்தன. கிழக்கு வளாகத்தில் சவுக்காரக்கல்லில் செதுக்கிய பறவை உருவங்கள் தூண்களின்மேல் நின்றிருந்தன. வேட்டைக்காரர் ஒருவர் 1889-ல் அவற்றில் ஒன்றைப் பெயர்த்துச் சென்று ரோட்ஸுக்கு விற்க, அவர் அதைத் தம் கேப் டவுன் மாளிகையில் வைத்துப் போற்றினார். 1891-ல் அவருடைய ஆதரவோடு வந்த தியடோர் பெண்ட் மண்ணைத் தோண்டினார். முதலில் அகப்பட்டவை எல்லாம் அங்குள்ள மக்கள் அப்போதும் உபயோகித்துவந்த பாண்டங்களைப் போன்றவையாகவே இருந்தன. அந்தச் சாட்சியத்தைக் கண்டும், அடுத்த ஆண்டு எழுதிய நூலில், இவை அரேபியாவிலிருந்து வந்த ஒரு புராதன ஜாதியாரின் வேலை என்றே அவர் முடிவு கூறினார்.

பெண்ட் தோண்டியது சிறிது. அவருக்குப் பின் வந்தவர்கள் செய்ததோ பெரிது. 1895-ல் புராதன இடிபாடுகளில் பொன் தேடுவதற்கென்றே ஒரு கம்பெனி ஏற்பட்டு, நாட்டின் பல கல்லூர்களைக் கிண்டி, கிடைத்த பொன்னணிகளை உருக்கி விற்றது. பெரிய ஜிம்பாப்வேக்கு 1902-ல் காப்பாளராக நியமிக்கப்பட்டவர் ரிச்சர்ட் ஹால் என்பவர். கட்டடங்களைப் பாதுகாப்பதே அவருக்கு இட்ட பணி; ஆராய்ச்சி செய்வதன்று. ஆனால் அவரோ, ஆதியில் இதைக் கட்டிய அந்நியரின் சுவடுகள் ஆழத்தில் கிடப்பதாகவும், மேலே உள்ள மண் முழுவதும் பின்னால் குடியேறிய ஆப்பிரிக்கர் சேர்த்த அழுக்கு என்றும் உறுதியாக நம்பினார். அந்நம்பிக்கையோடு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆட்களை வைத்து, மரங்களையும் புதர்களையும் வெட்டி, சில இடங்களில் 12 அடி ஆழம் வரையில் மண்ணை வாரி வெளியே கொட்டுவித்தார். அந்த மண்ணில் இருந்தவை கல்மதில்களுக்குள் வாழ்ந்த அரசகுலத்தாரின் வீட்டுத் தரைகள். 1904-ல் அவர் பதவி நீக்கப்பட்டார். அதற்குள் பெரிய வட்ட மதிலின் உட்புறம் பெரும்பாலும் துடைத்துவிடப்பட்டது.

அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானச் சங்கத்தார் அனுப்ப, எகிப்தில் பிளிண்டர்ஸ் பீட்ரியிடம் தொழில் பயின்ற டேவிட் ராண்டால் மக்கைவர் வந்தார். அவர் கையாண்ட முறை எளியது: யார் கட்டியது என்ற வினாவோடு தொடங்காமல், தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். பூசிய தரைக்குக் கீழே, கட்டட வேலை நடந்த காலத்திலேயே புதைந்த பாண்டங்கள், சுற்றுவட்டாரத்து மக்கள் அப்போதும் வனைந்துவந்த பாண்டங்களின் முன்னோர்களாக இருந்தன. அவற்றோடு கிடைத்த வெளிநாட்டுப் பீங்கான்கள் மத்திய காலத்தைச் சேர்ந்தவை. ஆகவே இது மத்திய காலத்தில் ஆப்பிரிக்கர் தாமே நிர்மாணித்தது என்று 1906-ல் வெளியான நூலில் எழுதினார். அந்நூலின் தலைப்பிலேயே மத்திய காலம் என்ற சொல்லை வைத்தார். வெள்ளைக் குடியேறிகள் கொதித்தெழுந்தார்கள். ஹால் 1909-ல் ஒரு பெரிய மறுப்பு நூலை எழுதினார்.

விவாதம் அடங்காததால், 1929-ல் அதே சங்கத்தார் ஜெர்ட்ரூட் கேட்டன் தாம்சன் என்ற அம்மையாரை அனுப்பினர். அவருடைய குழுவில் இருந்த மற்ற இருவரும் பெண்களே. பிறர் கிளறாத மண் எங்கே மிஞ்சியிருக்கிறது என்று தேடிய அம்மையார், பார்வைக்குச் சிறிதும் சோபை இல்லாத மோண்ட் என்ற பள்ளத்தாக்கு வளாகத்தைத் தேர்ந்தெடுத்தார். பிரசித்தி பெற்ற இடங்களை எல்லாம் பிரசித்தியே கெடுத்துவிட்டிருந்தது அல்லவா? அங்கே தரைகளுக்கு அடியில் அகப்பட்ட சிறு கண்ணாடி மணிகளையும் பானையோடுகளையும் இடம் குறித்து எடுத்தார். கூம்புக் கோபுரத்தின் அடியில் சுரங்கம் வெட்டியும் பார்த்தார். பினீஷியரின் பொருள் ஒன்றும் அங்கே இல்லை. மக்கைவரின் முடிவையே உறுதி செய்து அவ்வாண்டு ஜொகன்னஸ்பர்க் மகாநாட்டில் அவர் பேசியபோது சபையில் பெரும் கொந்தளிப்பு ஏற்பட்டது. பிற்காலத்தில் தமக்கு வந்த விபரீதக் கடிதங்களை எல்லாம் பைத்தியம் என்று பெயரிட்ட ஒரு கோப்பில் அவர் சேர்த்துவைத்தாராம்.

அந்தக் குழுவில் இருந்த காத்லீன் கென்யன் என்ற இளம்பெண்ணுக்கு அதுவே முதல் அகழ்வு. நாடு திரும்பிய பின் அவர் மார்ட்டிமர் வீலரோடு பணியாற்றி, மண்ணடுக்குகளை வெட்டுமுகத்தில் பிரித்துப் படிக்கும் முறையை அவரோடு சேர்ந்து செம்மைப்படுத்தினார். அந்த வீலரே 1945-ல் புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டை அகழ்ந்து, அம்முறையை நம் நாட்டு மாணவர்களுக்குக் கற்பித்தவர் என்பதை நினைக்கும்போது, ஆப்பிரிக்கக் குன்றுக்கும் நம் கடற்கரை மேட்டுக்கும் எதிர்பாராத ஓர் உறவு தென்படுகிறது.

குன்றின் காலக்கிரமம் முழுவதையும் வெளிப்படுத்தும் பேறு 1958-ல் வந்த மூவருக்குக் கிட்டியது. ரோஜர் சம்மர்ஸ் பெரிய வட்ட மதிலையும், ஆண்டனி விட்டி சுவர்களின் கட்டுமான வகைகளையும் ஆராய, கீத் ராபின்சன் உச்சியின் மேற்கு வளாகத்தில் முந்தியவர் கைபடாமல் மிஞ்சியிருந்த பகுதியில் இறங்கினார். அங்கே தரையின் கீழ்த் தரையாக, ஒரு வீட்டின் அழிவின்மேல் இன்னொரு வீடாக, அந்தக் குன்று தன் கதையைச் சொல்லிற்று. அடிமட்டத்தில், சுவர் எழுப்பும் எண்ணமே இல்லாமல், கி.பி. முதல் ஆயிரத்தாண்டில் இங்கே தங்கிச் சென்ற வேளாண் மக்களின் பானையோடுகள் கிடந்தன. அதற்குமேல் ஏறக்குறைய 11-ஆம் நூற்றாண்டில் குடியேறி, களிமண் வீடுகளில் வாழ்ந்து, மாட்டுருவங்களை மண்ணில் பிடித்துவைத்த மற்றொரு மக்கள். அவர்களுக்குப்பின் ஏறக்குறைய 13-ஆம் நூற்றாண்டில் முதல் கற்சுவர்கள் எழுகின்றன. ஒழுங்கின்றி அடுக்கிய கற்கள் மெல்லமெல்ல வரிசை பெறுகின்றன. வீடுகள் கனத்த மண்சுவர் பெறுகின்றன. பருத்தி நூற்கும் தக்ளிவட்டுகள் தோன்றுகின்றன. கிராபைட் பூசி மெருகிட்ட கலயங்கள் மிளிர்கின்றன. 14-ஆம் நூற்றாண்டில் எல்லாம் உச்சத்தை எட்டுகின்றன. இவ்வடுக்குகளுக்கு இடையில், அந்நிய ஜாதி ஒன்று வந்து புகுந்ததற்கு இடமே இல்லை. குடிசையிலிருந்து மாளிகை வளர்ந்த படிகள் ஒவ்வொன்றும் ஒரே குழியின் பக்கச்சுவரில் தெரிந்தன.

இதற்கிடையே விஞ்ஞானமும் ஒருமுறை தடுமாறிற்று. வட்ட மதிலின் நீர்த்தூம்பில் இருந்த மரக்கட்டையைக் கதிரியக்கக் கரிமச் சோதனைக்கு உட்படுத்தியபோது எதிர்பார்த்ததைவிடப் பல நூற்றாண்டு முந்திய காலம் வந்தது. பழைய கட்சிக்காரர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் நீண்டகாலம் வாழும் மரத்தின் உள்வைரம், அது வளர்ந்த காலத்தைக் காட்டுமேயன்றி வெட்டப்பட்ட காலத்தைக் காட்டாது என்பது பின்னர் விளங்கிற்று.

அவ்வூரின் செல்வத்துக்கு மூலம் எது? குன்றின் அடிவாரத்துக் குப்பைமேட்டில் குவிந்த எலும்புகளில் பெரும்பாலானவை இளங்கன்றுகளின் எலும்புகள். உழைத்துத் தேய்ந்த கிழமாட்டை உண்பவன் ஏழை, இளங்கன்றை அறுக்க வல்லவன் பெரிய மந்தையை உடையவன். ஆக, கால்நடையே முதல் செல்வம். அடுத்தது பொன். பீடபூமியில் எடுத்த பொன்னும் யானைத்தந்தமும் ஏறக்குறைய 250 மைல் கிழக்கே கடற்கரைக்குச் சென்று, சோபாலாவிலிருந்து கில்வா வழியாக இந்து மகாசமுத்திர வாணிகத்தில் கலந்தன. பதிலுக்கு வந்தவற்றை ஹாலே 1903-ஐ ஒட்டிப் பள்ளத்தாக்கின் ஒரு வளாகத்தில் ஒரே குவியலாகக் கண்டெடுத்தார்: சீனத்துப் பச்சைப் பீங்கான், பாரசீகக் கிண்ணம், மேற்காசியக் கண்ணாடி, பவளம், சோழிகள், அவற்றோடு உள்நாட்டு இரும்பு மண்வெட்டிகளும் சேகண்டிகளும். கில்வாவில் 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட அல்-ஹசன் பின் சுலைமான் என்ற சுல்தானின் செப்புக்காசு ஒன்றும் பின்னர் இங்கே கிடைத்தது. ஆனால் நீலமும் வெண்மையுமான சீனப் பீங்கான் இல்லை. அவ்வகைப் பீங்கான் கடல்கடந்து பெருகியது 15-ஆம் நூற்றாண்டில். அது பெருகுவதற்கு முன்பே ஊரின் மேன்மை குன்றிவிட்டது என்று, கிடைக்காத பொருளைக் கொண்டே அறிஞர் கணித்தனர்.

தமிழ் வாசகருக்கு உரிய செய்தி ஒன்றும் இந்தக் குவியலில் உண்டு. ஆப்பிரிக்காவின் தென்பகுதிக் கல்லூர்களில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும் சிறு கண்ணாடி மணிகளின் ரசாயனக் கூறுகளைச் சோதித்தவர்கள், அவற்றில் பெரும்பகுதி தென்னாசியாவில் செய்யப்பட்டது என்று காட்டியிருக்கிறார்கள். உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூடேற்றி முனை மழுக்கும் அத்தொழில்முறை, அந்த மணிகளுக்கு ஆயிரம் ஆண்டு முன்பே அரிக்கமேட்டில் பயின்றுவந்த ஒன்று. நம் பக்கத்து உலையில் பிறந்த கலை, பருவக்காற்றோடு போய், ஆப்பிரிக்க அரசியரின் கழுத்தில் ஏறிற்று.

15-ஆம் நூற்றாண்டில் ஊர் ஏன் தளர்ந்தது என்பதற்குக் காரணங்கள் பல கூறுவர்: விறகும் மேய்ச்சலும் அருகிப்போனமை, பொன் வாணிகம் வடக்கே நகர்ந்தமை, அரச குடும்பத்தில் பிரிவு. வடக்கே முதாபா அரசும், மேற்கே காமி என்ற புதிய கல்லூரும் அதன் மேன்மைக்கு வாரிசுகளாயின. 18,000 பேர் வரையில் இங்கு வாழ்ந்திருக்கலாம் என்று முன்பு கணக்கிட்டார்கள். அத்தொகை மிகை என்பது பிந்திய ஆராய்ச்சியாளரின் அபிப்பிராயம்.

உண்மை தெளிவாகியும் அதைச் சொல்வது எளிதாயிருக்கவில்லை. சிறுபான்மை வெள்ளையர் அரசாங்கம் 1965-ல் தன்னிச்சையாகச் சுதந்திரம் பிரகடனம் செய்தபின், இதை ஆப்பிரிக்கர் கட்டினர் என்று வழிகாட்டி நூல்கள் திட்டமாகக் கூறாதபடி நெருக்கடி உண்டாயிற்று. புராதனச் சின்னங்களின் ஆய்வாளராக இருந்த பீட்டர் கார்லேக் 1970-ல் நாட்டைவிட்டே வெளியேறி, 1973-ல் தம் நூலை வெளியிட்டார். 1980-ல் விடுதலை பெற்ற தேசம், இந்தக் கல்லூரின் பெயரையே தன் பெயராகச் சூடி, கற்பறவையைக் கொடியில் பொறித்துக்கொண்டது. அயல்நாடு சென்ற பறவைகளில் நான்கு அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பின. 1986-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இவ்விடம் சேர்க்கப்பட்டது.

பறித்துச்சென்ற சிலையை ஒரு நாள் திருப்பி வாங்கலாம். பொய்யாக எழுதிய சரித்திரத்தைத் திருத்தி எழுதலாம். வாரிக் கொட்டிய மண்ணை மாத்திரம், இருந்த அடுக்கில் மீண்டும் வைக்க எவராலும் ஆகாது. பெரிய வட்ட மதிலுக்குள் யார் யார் வாழ்ந்தார்கள், கூம்புக் கோபுரத்தின் நிழலில் என்ன நடந்தது என்று இன்றுவரை தர்க்கம் செய்கிறார்கள். அந்த வினாக்களுக்கு விடை சொல்லியிருக்கக் கூடிய தரைகள், அழுக்கு என்று பெயர் பெற்று, 1902-க்கும் 1904-க்கும் இடையே கூடை கூடையாக வெளியேற்றப்பட்டன.